நாய் என் பங்கு, கறி உங்கள் பங்கு

சேதுமாதவனும் செய்கு அலாவுதீனும் போலீஸ் நாய்களைப் பார்க்கப் போகிற ஜோடி. எந்த அமீரகத்துப் போலீஸ் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். கடலும் மலையும் கிட்டக்கிட்ட இருக்கிற ஊர், அவ்வளவு தெரிந்தால் போதும். அங்கே நாய்ப்படைக்கு ஒரு ஏற்பாடு உண்டு. படையில் சம்பளம் வாங்காத வெளியாட்கள் இரண்டு பேர், முன்கூட்டிச் சொல்லாமல், எந்த நாளும் போய் நிற்கலாம். நாய்க்குத் தண்ணீர் இருக்கிறதா, கொட்டடியில் ஏசி ஓடுகிறதா, தீனி நல்ல தீனியா, உடம்பில் காயம் உண்டா, ஏற்றிப்போகிற வண்டி வெயிலில் கொதிக்கிறதா, எல்லாவற்றையும் பார்க்கலாம். பார்த்ததை நாய்ப்படைக் கேப்டன் முகத்துக்கு நேரே சொல்லலாம், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசும் கிடையாது. இதற்கெல்லாம் யார் வருவார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு நம் ஆட்களைத் தெரியவில்லை என்று அர்த்தம். கண்காணிக்கிற வேலை என்றால் காசு கொடுத்துக்கூட வருவோம்.

சேதுமாதவன் திருச்சிக்காரர். துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கில் டேங்க் இன்ஸ்பெக்டர். இரும்புத் தகட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார் என்று கம்பெனியில் பேர். முட்டைகூட வாசல்படி தாண்டாத வீடு அவருடையது. அலாவுதீன் கீழக்கரைக்காரர். கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, இறைச்சி சப்ளை செய்கிற கம்பெனியில் மானேஜர். கறியை மோந்துகூடப் பார்க்க வேண்டாம், நிறத்தைப் பார்த்தே என்றைக்கு வெட்டியது என்று சொல்லிவிடுவார். ஆனால் நாயின் எச்சில் மேலே பட்டால் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணோடு. நாயின் மேல் அவருக்கு இரக்கம் நிறையவே உண்டு. இரண்டடி தள்ளி நின்று இரக்கப்படுவார்.

ஆக, முதல் நாளே பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது.

"பாய், அந்த ஃப்ரீசர் பக்கம் நான் வரமாட்டேன். குடலைப் புரட்டும். நாய் என் பங்கு, கறி உங்க பங்கு. சம்மதமா?"

"ஆஹா, என்னா பாகப்பிரிவினை! சம்மதம் சேது சார். அதுவளோட நாக்கு என் கைல படாம இருந்தா நான் எத்தனை ஆட்டுத்தொடைய வேணும்னாலும் தூக்கிப் பாப்பேன்."

கை குலுக்கிக்கொண்டார்கள். மாதாமாதம் அதேபோலத்தான் நடந்தது. ஒருவர் தீனி அறைக்குள் போவார், ஒருவர் கொட்டடிக்குள் போவார். வெளியே வந்ததும் "சரியா?" "சரி" என்பார்கள். கேப்டனுக்கு இந்த இரண்டு பேரை ரொம்பப் பிடித்திருந்தது. மற்ற ஜோடிகள் காவாக் காப்பி குடித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடும்.

சேதுமாதவனுக்குப் பிடித்தது ரீம். கறுப்பு லாப்ரடார், பொட்டை. துறைமுகத்தில் வந்து இறங்குகிற பெட்டிகளை மோந்து வெடிமருந்து தேடுகிற வேலை அவளுக்கு. அவர் கொட்டடிக்குள் போய்க் குந்தினால் வந்து முழுப் பாரத்தையும் அவர் தொடைமேல் போட்டுச் சாய்ந்துகொள்வாள். அவர் காதைத் தடவுவார், நகங்களைப் பார்ப்பார், முதுகெலும்பை மேலிருந்து கீழே அழுத்திப் பார்ப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். அவள் கண்ணைச் சொருகிக்கொண்டு கிடப்பாள். மகள் சுஷ்மிதா படிக்கக் கனடாவுக்குப் போனதிலிருந்து அந்த மனுஷன் மேல் அப்படி யாரும் சாய்ந்ததில்லை. ஆம்பளை இதையெல்லாம் வெளியில் சொல்வானா? சொல்லமாட்டான். வண்டியில் திரும்பும்போது வேட்டையாடிவிட்டு வந்தவர் மாதிரி உற்சாகமாக இருப்பார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் வெயில் தணிந்த நேரத்தில் கேப்டன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். வருஷப் பரீட்சையில் ரீம் தேறவில்லை என்றார். பொருளைக் கண்டுபிடித்ததும் பந்து போடுவார்கள். அந்தப் பந்துதான் அவளுக்குச் சம்பளம். இப்போது பந்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். பந்து வேண்டாம் என்கிற நாய் எதற்காகத் தேடும்? அவளைப் பழக்கிய கார்ப்பரல் கல்ஃபான் முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் லீவில் இருந்தான். இடையில் பார்த்துக்கொண்டவனோடு சரிப்படவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார்கள். கல்ஃபான் திரும்பி வந்தான், அவன் கையிலும் அதே கதைதான். டாக்டர் வந்து இடுப்பு, கண், இதயம் பார்த்தார், குறையில்லை. உடம்பில் குறையில்லை என்றால் மனசு விட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். ஓய்வு கொடுத்துவிடலாம் என்று முடிவு.

"நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்போம்," என்றார் கேப்டன். "உங்களைவிட நல்ல வீடு எனக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொள்கிறீர்களா?"

சேதுமாதவன் எழுந்தே நின்றுவிட்டார். கேப்டனுக்கு முன்னால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். சந்தோஷத்தில் அவருக்கு இங்கிலீஷ் மறந்துபோய், "எடுத்துக்கறேன், எடுத்துக்கறேன்" என்று தமிழிலேயே சொன்னார்.

இனி சேதுமாதவன் வீட்டுக்காரி பத்மா. அந்த அம்மாள் கல்யாணம் ஆன நாளிலிருந்து நாய் என்றால் "நானா அதுவா" என்று சொல்லி வந்தவள். நாலு வீடு தள்ளி ஒருவர் நாயோடு நடந்தாலே புடவையைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் போவாள். அன்று அவர் போனில் ரீம் படத்தைக் காட்டினார். பத்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஏங்க, இது ஏன் இப்படிப் பாக்குது? யாரோ திட்டினா மாதிரி?"

"வேலைய விட்டு அனுப்பறாங்க பத்மா. வேற எப்படிப் பாக்கும்?"

"பாவம். கறி திங்குமா?"

"திங்கும்."

"வீட்டுக்குள்ள கூடாது. பின்கட்டுல தனி அடுப்பு, தனிப் பாத்திரம். நீங்கதான் வேக வெக்கணும், நீங்கதான் ஊட்டணும். நான் தூர நின்னு பாப்பேன். என்ன?"

சேதுமாதவன் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். ஒரு வாரத்துக்குள் பின்கட்டில் அடுப்பு வந்தது, பெரிய அலுமினியச் சட்டி வந்தது, படுக்கை வந்தது. படுக்கையைப் பத்மாதான் தேர்ந்தெடுத்தாள். கனடாவுக்கு வீடியோ போட்டு மகளிடம் காட்டினாள். அங்கிருந்து சுஷ்மிதா, "அம்மா, ஹூ ஆர் யூ?" என்று கேட்டுச் சிரித்தாள். வீட்டில் இரண்டு பேரும் இப்போது ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு விஷயம் இருந்தது. அதெல்லாம் நின்றுபோய் எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

நாயை ஒப்படைக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட இன்னும் சில நாள் இருந்தது. அதற்குள் அந்த மாதத்துப் பார்வையிடல் வந்துவிட்டது. வண்டியில் போகும்போது அலாவுதீன் விடவில்லை.

"சேது சார், பொண்ணு பாக்கப் போறதும் மாப்பிள்ளை, பொண்ணு நல்லாருக்குன்னு சர்டிபிகேட் குடுக்கிறதும் மாப்பிள்ளையா? எந்த ஊரு நியாயம் இது?"

"இன்னும் கையெழுத்து ஆகலையே பாய்."

"ஆகலதான். ஆனா உங்க முகம் மாமனார் வீட்டு முகமால்ல இருக்கு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சேதுமாதவனுக்குக் கொஞ்சம் குத்தியது. அடுத்த மாதத்திலிருந்து வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வழக்கம்போல அலாவுதீன் தீனி அறைக்குப் போனார். சேதுமாதவன் கொட்டடி வாசலில் நின்றார். அன்றைக்கு அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகு தினமும் தன் கையால் ஊட்ட வேண்டும். பத்மா தூர நின்று பார்ப்பாள். அவள் முன்னால் முகம் சுளித்தால் மானம் போய்விடும். இங்கேயே பழகிவிடலாம் என்று, அங்கே வேலை செய்கிற பையனிடம் வேகவைத்த கோழியில் ஒரு துண்டு கேட்டு வாங்கினார். எப்போதும் கொத்துக்கறிதான் போடுவார்கள், அன்று அவர் கேட்டதால் முழுத்துண்டு கிடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மாமிசத்தைக் கையில் பிடித்தார். வெதுவெதுப்பாக, வழவழவென்று இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினார்.

ரீம் மரியாதையாக வாங்கினாள். வாங்கியவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். ஒரு மெல்லு மெல்லினாள். துண்டு கீழே விழுந்தது. எடுத்து மறுபடி கொடுத்தார். மறுபடி விழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டே, மன்னித்துக்கொள் என்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் குந்தி உட்கார்ந்தார். பிடித்திருந்த மூச்சை விட்டார். அப்போது அவள் வாயிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. அவருக்குத் தெரிந்த நாற்றம்தான், போன தடவையும் வந்தது, அதற்கு முந்தைய தடவையும் வந்தது. கறி தின்கிற வாய், அப்படித்தான் இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு காதையும் காலையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். இன்றைக்குக் கோழித்துண்டின் வாசனை அவர் கையிலேயே இருக்கிறது. இது அது இல்லை. இது சீழ்.

மேல் உதட்டை விரலால் தூக்கினார். உள்ளே, கன்னத்தை ஒட்டிய பெரிய பல் நெடுக்காக உடைந்திருந்தது. ஈறு வீங்கிச் சிவந்து கிடந்தது. ஓரத்தில் அவர் விரல் பட்டதும் ரீம் உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் நடுங்கினாள். ஆனால் கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. அவர் தொடைமேல் சாய்ந்துகொண்டாள்.

டேங்க் இன்ஸ்பெக்டருக்கு மீதியைக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை. இந்தப் பல்லோடு கெட்டிப் பந்தை யார் கவ்வுவார்கள்? கொத்துக்கறியை மெல்லாமல் விழுங்கியதால் இளைக்கவும் இல்லை. மனசும் விடவில்லை, ஒன்றும் விடவில்லை. பல்வலி! பல்லைப் பிடுங்கினால் பந்தைக் கவ்வுவாள், வேலைக்குப் போவாள்.

வேலைக்குப் போனால் வீட்டுக்கு வரமாட்டாள்.

நல்ல மனுஷர்தான் சேதுமாதவன், ஆனாலும் மனுஷர். அந்தக் கணத்தில் அவர் நினைத்ததை மறைப்பானேன்? இன்னும் சில நாள். கையெழுத்து ஆகட்டும். வீட்டுக்குக் கூட்டிப்போய், துபாயில் இருக்கிறதிலேயே நல்ல டாக்டரிடம் காட்டி, தன் கைக்காசில் சரி பண்ணிவிடலாம். நாய்க்கும் நல்லது, பத்மாவுக்கும் நல்லது. யாருக்கு என்ன நஷ்டம்? இத்தனை நாள் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுக்கமாட்டாளா?

தீனி அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அலாவுதீன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சரியா?"

"சரி," என்றார் சேதுமாதவன்.

சொல்லிவிட்டார். இவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. எழுந்து கொட்டடிக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

கேப்டன் அறைக்குப் போகிற வழியில் கல்ஃபான் நின்றிருந்தான். இன்னும் கொஞ்சம் காலைத் தாங்கித்தான் நடந்தான். கையில் ஒரு பை. உள்ளே ரீமின் சீப்பு, பழைய கழுத்துப்பட்டை, ஒரு துண்டு. பாதி உருது, பாதி இங்கிலீஷில் பேசினான். இடி இடித்தால் பயப்படுவாள், அப்போது இந்தத் துண்டைப் போர்த்த வேண்டும். காரில் ஜன்னலோரம்தான் உட்காருவாள். குளிப்பாட்டினால் முதலில் கால், அப்புறம்தான் தலை. சொல்லிக்கொண்டே போனவன் சட்டென்று நிறுத்தினான். "சார், நான் லீவில் போனதால்தான் அவள் மனசு விட்டுவிட்டது. நான் விட்டுட்டுப் போனேன் என்று நினைத்துக்கொண்டாள். தப்பு என்னுடையது. நீங்கள் அவளை விட்டுவிடாதீர்கள்." சொல்லும்போது அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. சீருடை போட்ட ஆள், கண் கலங்கினால் மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சேதுமாதவன் பையை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். இவன் செய்யாத தப்பைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறான். அதை இறக்கி வைக்கத் தெரிந்த ஆள் இந்த ஊரில் ஒரே ஒருத்தர், அவர் "சரி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"பாய்," என்று அலாவுதீனின் கையைப் பிடித்தார். "சரியில்லை பாய். நான் பொய் சொன்னேன். அவளுக்குப் பல் உடைஞ்சிருக்கு. சீழ் வெச்சிருக்கு. ரெண்டு மாசமா நான் வாயைப் பாக்கவே இல்லை."

அலாவுதீன் அவரையே பார்த்தார். திட்டுவார் என்றுதான் சேதுமாதவன் நினைத்தார்.

"கறி என் பங்கு, நாய் உங்க பங்கு," என்றார் அலாவுதீன் மெதுவாக. "வாய் யாரு பங்குன்னு ரெண்டு பேரும் கேக்கவே இல்லியே சார். நாட்டாமை மாதிரி பாகம் பிரிச்சோம். அந்த வாயில்லாச் சீவனோட வாயையே விட்டுட்டமே." பிறகு கல்ஃபானைப் பார்த்து, "யல்லா, கேப்டனைக் கூப்பிடு," என்றார்.

கொட்டடியில் கேப்டன் போன் வெளிச்சத்தை அடித்தார். கல்ஃபான் ரீமின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். சேதுமாதவன் உதட்டைத் தூக்கினார், ஆனால் கீழ்த்தாடையை ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது. யார் பிடிப்பது என்று தேடுவதற்குள் அலாவுதீன் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எச்சில் மணிக்கட்டு வரை வழிந்தது.

"பாய், உங்க கை..."

"ஏழு தடவ கழுவிக்கிறேன். மண்ணுக்கா பஞ்சம் இந்த ஊருல? நீங்க நல்லாக் காமிங்க."

கேப்டன் பார்த்தார். கல்ஃபான் பார்த்தான். அப்புறம் ரொம்ப நேரம் அவன் ரீமின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு அரபியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேப்டன் சேதுமாதவனிடம் ஒன்றுதான் கேட்டார். "பல் சரியானால் அவள் உங்கள் வீட்டுக்கு வரமாட்டாள். தெரியும்தானே?"

"தெரியும் சார். வாயைப் பார்க்காதது என் தப்பு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இனிமேல் ரீமைப் பார்க்க வேறு யாரையாவது அனுப்புங்கள், நான் வேண்டாம்."

வீட்டுக்குப் போனால் பின்கட்டில் பத்மா நின்றிருந்தாள். அடுப்பு எரிந்தது. சட்டியில் கோழி வெந்துகொண்டிருந்தது. அவளே கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள்! முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, நீளக் கரண்டியைத் தூரத்திலிருந்து விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஒத்திகை பாக்கறேன். உங்கள நம்பி விட்டா கருக்கிடுவீங்க. இது வெந்துச்சா வேகலையான்னு எப்படிங்க பாக்கறது?"

அவர் அடுப்பை அணைத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "சரி" என்று பொய் சொன்னதையும் சொன்னார். பத்மா முந்தானையை அவிழ்த்தாள்.

"வாய மூடிட்டு ஒரு வாரம் இருந்திருக்கக் கூடாதா? நாமளே டாக்டர்கிட்ட காட்டியிருக்க மாட்டோமா? ஆசை காட்டிட்டு இப்ப வந்து..." என்று ஆரம்பித்தவள் பாதியில் விட்டாள். கரண்டியை வைத்துவிட்டு அந்தப் புதுப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அதன் உறையை நீவிவிட்டாள். அப்புறம் கேட்டாள்: "வலிச்சிருக்குமே. எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"நீங்க போயிப் போயித் தடவிக் குடுத்துட்டு வந்தீங்களே. அப்பவுமா?"

"அப்பவும்தான்."

பத்மா எழுந்து சட்டியை இறக்கினாள். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். வெந்த கோழியைப் பக்கத்துக் கட்டிடத்தில் வேலை செய்கிற ஆட்களுக்குக் கொடுத்தனுப்பினாள். உப்புப் போடாததால் அவர்கள் என்ன நினைத்தார்களோ!

பல்லை எடுத்து, புண் ஆறி, ரீமுக்கு மறுபடி பரீட்சை வைத்தார்கள். வந்து பாருங்கள் என்று கேப்டன் சேதுமாதவனை மனைவியோடு கூப்பிட்டிருந்தார். போக வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்," என்று பத்மாதான் கிளப்பிக்கொண்டு வந்தாள். அலாவுதீனும் வந்திருந்தார். மூன்று பேரும் கம்பி வேலிக்கு இந்தப்பக்கம் நிழலில் நின்றார்கள். காலை வெயில் இதமாக இருந்தது. மைதானம் நிறையப் பழைய பெட்டிகள், சாக்குகள், டயர்கள்.

கல்ஃபான் வாரை அவிழ்த்தான். ரீம் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக மோந்து போனாள். ஒரு இடத்தில் தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள். மறுபடி மோந்தாள். அப்படியே உட்கார்ந்து கல்ஃபானைப் பார்த்தாள்.

அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். பந்தை எறிந்தான்.

சேதுமாதவன் வேலியைப் பிடித்துக்கொண்டார். பந்து தரையில் குதித்து இரண்டாம் தடவை மேலே எழும்புவதற்குள் ரீம் பாய்ந்து கவ்விவிட்டாள். கவ்வியவள் நிற்கவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். காது பறக்க, வாய் கொள்ளாமல் பந்தோடு ஓடினாள். வேலியோரமாக, இவர்கள் மூன்று பேரும் நிற்கிற இடத்தை உரசிக்கொண்டு ஓடினாள். சேதுமாதவன் தன்னையறியாமல் கம்பிக்குள் விரல்களை நீட்டினார். அவள் இந்தப்பக்கம் திரும்பவே இல்லை. நேரே கல்ஃபானிடம் போய் முட்டி, அவனைக் கீழே தள்ளி, அவன் மேலேயே படுத்துக்கொண்டாள்.

அலாவுதீன் கார்ச்சாவி தேடுவதுபோல அந்தண்டை போனார்.

"உங்கள ஒரு பார்வைகூடப் பாக்கலையேங்க," என்றாள் பத்மா. கண் நிறைந்திருந்தது.

சேதுமாதவன் விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்தார்.

"அவ எப்படிப் பாப்பா?" என்றார். "வாயில பந்து இருக்கில்ல."